கடையில் பகை, கடிதத்தில் காதல்: ஒரே கதை, இரண்டு படங்கள்
எர்ன்ஸ்ட் லூபிச் இயக்கிய ‘தி ஷாப் அரௌண்ட் தி கார்னர்’ (1940), ஜூடி கார்லண்ட் நடித்த ‘இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்’ (1949) ஆகிய இரண்டும் மிக்லோஸ் லாஸ்லோவின் ஒரே நாடகத்திலிருந்து ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம். எடுத்த படங்கள்; கடையில் எலியும் பூனையுமாக இருக்கும் இருவர், ஆளறியாமல் கடிதத்தில் காதலிப்பதே கதை. முன்னது புடாபெஸ்ட்டின் தோல்பொருள் கடையில் கறுப்பு வெள்ளையில் நடக்க, பின்னது சிகாகோவின் இசைக்கடைக்கு வண்ணத்தோடும் பாடல்களோடும் இடம்பெயர்கிறது. கார்லண்டின் குரலுக்காகவே அதை ஒருமுறை பார்க்கலாம். ஆனால் மனத்தில் தங்குவது லூபிச்சின் படமே: அஞ்சல் பெட்டிக்குள் நாயகி மார்கரெட் சல்லவனின் கையுறை அணிந்த கை கடிதத்தைத் துழாவுவதும், ஒன்றுமில்லை என்றானபின் அந்தச் சிறு சதுரத்தில் அவர் முகம் வாடித் தெரிவதும், ஒரு சொல்கூட இல்லாமல் நெஞ்சைப் பிசைகின்றன. வேலை பறிபோகுமோ என்ற ஊழியர்களின் அச்சத்தையும் அப்படம் மறைக்காததால், அங்கே சிரிப்புக்கும் கனம் கூடுகிறது.