சார்ல்ஸ்டனில் ஒரே ஒரு பழைய வீடு பார்க்க நேரம் இருந்தால்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குப் போனால் எந்தப் பழைய வீட்டைப் பார்ப்பது என்று குழப்பம் வரும். எங்களுக்கும் வந்தது. கடைசியில் நேத்தனியல் ரஸ்ஸல் வீடு, எய்கன்-ரெட் வீடு இரண்டில் வந்து நின்றோம். போன மே மாதம் இரண்டையும் பார்த்தாயிற்று. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தயங்காமல் எய்கன்-ரெட்டுக்குப் போங்கள்.

ரஸ்ஸல் வீடு அழகு, அதில் சந்தேகமே இல்லை. அடிமை வியாபாரத்திலும் பணம் சேர்த்த வணிகர் ரஸ்ஸல் 1808-இல் கட்டி முடித்தது. எந்தத் தூணும் தாங்காமல் மூன்று மாடிக்குச் சுழன்று ஏறும் படிக்கட்டைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், பெரிய சங்கின் உள்ளே எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது. தங்கப் பூச்சு, நீள்வட்ட அறை, தோட்டம் எல்லாம் புகைப்படங்களில் பார்த்த மாதிரியேதான்.

எய்கன்-ரெட் அப்படி இல்லை. உள்ளே நுழைந்ததும் சுவர்க்காகிதம் உரிந்து தொங்குகிறது, பெயிண்ட் செதில் செதிலாக நிற்கிறது, மேலே ஐரோப்பாவிலிருந்து வாங்கி வந்த சரவிளக்கு. 1820 வாக்கில் ஜான் ராபின்சன் என்ற வணிகர் கட்டிய வீடு. கப்பல்களை இழந்து அவர் நொடித்துப் போக, 1827-இல் எய்கன் குடும்பத்துக்குக் கைமாறியது. மகன் வில்லியம் எய்கன் 1844 முதல் 1846 வரை மாநில ஆளுநர். அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி ஜெஹாஸி தீவின் நெல் வயல்களிலிருந்து வந்தது, அங்கே சுமார் 700 பேர் அடிமைகளாக உழைத்தார்கள். பின்னாளில் வசதி குறைந்த வாரிசுகள் பல அறைகளை அப்படியே பூட்டிவிட்டுச் சில அறைகளில் மட்டும் இருந்தார்கள். 1975 வரை வீடு அவர்கள் கையில்தான்.

என் தேர்வு முழுக்க முழுக்கப் பராமரிப்பு முறையை வைத்துத்தான். இரண்டு வீடும் இன்று ஒரே அறக்கட்டளையிடம் இருக்கின்றன, ஆனால் பராமரிக்கும் விதம் நேர் எதிர். ரஸ்ஸல் வீட்டை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அதற்கப்புறம் வந்ததெல்லாம் போய்விடும், இல்லையா? அந்த வீடு ஆளுநர் ஆல்ஸ்டன் குடும்பத்திடம் இருந்திருக்கிறது, பிறகு கன்னியர் மடமாகவும் பள்ளியாகவும் இருந்திருக்கிறது, அந்த வருடங்களை இன்று அறைகளில் தேடினாலும் எனக்குத் தென்படவில்லை. எய்கன்-ரெட்டை 1995-இல் வாங்கியபோது புதுப்பிக்க வேண்டாம், இதற்குமேல் சிதையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று முடிவெடுத்தார்கள். புதுப் பெயிண்ட் அடிப்பதைவிட உரிகிற பெயிண்டை விழாமல் நிறுத்தி வைப்பதுதான் கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன். அதற்குப் பலன் பின்முற்றத்தில் தெரிகிறது. சமையல்கட்டு, துணி துவைக்கும் அறை, குதிரைலாயம், மூலையில் கழிப்பிடங்கள், மாடியில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் தூங்கிய அறைகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. அந்த மாடி நடையில் ஒரு சின்ன அறை வாசலில் நின்றேன். கணப்பு, மங்கிய சுவர், அவ்வளவுதான். முற்றத்தைத் தாண்டினால் சரவிளக்குத் தொங்கும் மாளிகை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காலால் நடந்து பார்க்க முடிகிறது.

ரஸ்ஸல் வீட்டுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே சமையல்கட்டுச் சுவருக்குள் எலிகள் சேர்த்து வைத்திருந்த குப்பையில், எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் புத்தகத்தின் துணுக்கு ஒன்று கிடைத்தது. அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவதை 1834-இல் சட்டம் போட்டே தடுத்த மாநிலம் இது. அந்த ஒரு துணுக்கை நினைத்தால் படிக்கட்டெல்லாம் எனக்கு மறந்துபோகிறது.

வயதான அம்மா அப்பாவுடன் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். எய்கன்-ரெட்டில் ஏசி கிடையாது, படிகளும் அதிகம். மே மாதம் சமாளித்துவிட்டோம், ஆகஸ்ட் புழுக்கத்தில் எப்படி இருக்கும் என்று அனுபவித்துச் சொல்ல என்னால் முடியாது. ஊருக்கு வெளியே இருக்கும் டிரேட்டன் ஹாலையும் இதே போலப் புதுப்பிக்காமல் வைத்திருக்கிறார்கள், அங்கே நாங்கள் போகவில்லை.

இரண்டும் பார்க்கிறவர்கள் சேர்ந்த டிக்கெட்டே வாங்கிக்கொள்ளலாம். காலை வெயில் ஏறுவதற்குள் எய்கன்-ரெட், பக்கத்திலேயே சார்ல்ஸ்டன் அருங்காட்சியகம். மதியத்துக்கு மேல் தெற்கே சுமார் 2 கிலோமீட்டரில் ரஸ்ஸல் வீடு, அங்கிருந்து நடந்தே கடற்கரைப் பக்கம் போய்விடலாம்.