பழைய லெகோ தாஜ்மகால் வாங்குவோர் கவனத்திற்கு: 46,000 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த விதம்

கடந்த மே மாதம், பழைய பொருள்களை விற்கும் இணையதளம் ஒன்றில் விளம்பரம் கண்டு, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளைத் தயாரிக்கும் லெகோ நிறுவனத்தின் தாஜ்மகால் தொகுப்பை, அதாவது 10256 என்ற எண் கொண்ட 5,923 துண்டுகள் அடங்கிய பெட்டியை, 46,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரே ஒருமுறை கட்டிக் கலைத்தது, ஒரு துண்டுகூடக் குறையவில்லை என்று விற்றவர் எழுதியிருந்தார். துண்டுகள் குறையவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் 1,700க்கும் மேற்பட்டவை லெகோவே அல்ல. இதை நான் கண்டுபிடிப்பதற்குள் ஏழு வாரங்கள் ஓடிவிட்டன. இத்தகைய பெரிய தொகுப்புகளில் மோசடி செய்பவருக்கு அந்தக் கால இடைவெளிதான் எவ்வளவு வசதியானது என்பதைப் பட்டுத்தான் அறிந்தேன்.

பழையதை ஏன் தேடிப் போனேன் என்று சிலர் கேட்கக்கூடும். இந்தத் தாஜ்மகால் முதலில் 2008இல் 10189 என்ற எண்ணில் வெளிவந்தது. அது கடைகளிலிருந்து மறைந்த பிறகு சேகரிப்பாளர்களிடையே அதன் விலை பல மடங்கு ஏறியது. 2017இல் நிறுவனம் அதையே 10256 என்ற புதிய எண்ணில் 370 டாலருக்கு மீண்டும் வெளியிட்டது. இப்போது அதன் தயாரிப்பும் நின்றுவிட்டது. புதிதாக வெளியாகும் பெரிய தொகுப்புகளை நம் ஊரில் வாங்கலாமே என்றால், பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்ந்துவிட்டது. எனவே இங்குள்ள சேகரிப்பாளர்களில் பலர் ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்குகிறார்கள். அந்தச் சிறு வட்டத்தில் ஒருவரை ஒருவர் நம்பும் வழக்கமும் உண்டு. நானும் அந்த வழக்கப்படியே நம்பினேன்.

விற்பவர் பெங்களூரில் இருப்பதாகச் சொன்னார். நன்றாகத் தமிழ் பேசினார். பெட்டியின் நான்கு பக்கங்கள், செய்முறைப் புத்தகம், கட்டி முடித்த தாஜ்மகால் எனப் பதினான்கு படங்கள் அனுப்பினார். அவை எல்லாமே உண்மையான படங்கள் என்பதுதான் வேடிக்கை. பெட்டி அசல், புத்தகம் அசல், படத்தில் நின்ற கட்டடமும் ஒருவேளை அசலாகவே இருந்திருக்கலாம். பேரம் முடிந்ததும், "தளத்துக்குள்ள போனா கமிஷன் போகும் சார், நேரா யுபிஐல அனுப்பிடுங்க, கூரியர் செலவு என்னோடது" என்றார். இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகிறதே என்று நான் அனுப்பிவிட்டேன். அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் வாசலைத் திறந்துவிட்டது என்னுடைய இந்தச் செயல்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெட்டி ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. துண்டுகள் ஜிப் வைத்த பாலிதீன் பைகளில் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வீட்டிலிருந்த தராசில் நிறுத்துப் பார்த்தேன்; விற்றவர் சொன்ன எடைக்கும் அதற்கும் ஐம்பது கிராம்கூட வேறுபாடு இல்லை. மனம் நிறைந்து, நன்றி என்று ஒரு செய்தியும் அனுப்பினேன். அந்த நன்றியைத்தான் பிற்பாடு அவர் எனக்கு எதிராகவே எடுத்துக் காட்டினார். தாஜ்மகாலின் அடித்தளம் பக்கத்துக்குப் பக்கம் 51 செ.மீ. இருக்கும் என்பதால், அதை வைக்கக் கண்ணாடி அலமாரி ஒன்றைத் தச்சரிடம் சொல்லியிருந்தேன். அது வந்து சேரும் வரை பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தச்சர்கள் சொல்லும் 'அடுத்த வாரம்' எவ்வளவு நீளமானது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஜூன் கடைசியில் கட்டத் தொடங்கினேன். விடுமுறை நாள்களில் என் தங்கை மகள் வந்து உடன் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குப் பதினோரு வயது. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மேடையின் விளிம்பில் துண்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தவள், "மாமா, இந்த வெள்ளை வேற வெள்ளை" என்றாள். வயதான துண்டு மஞ்சளடிக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். ஏபிஎஸ் என்ற அந்தப் பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகும் என்பது உண்மைதான். ஆனால் அவள் காட்டிய துண்டு மஞ்சளாக இல்லை. பக்கத்திலிருந்த அசல் துண்டில் இளந்தேங்காய்க் கீற்றின் நிறம் இருந்தது; இவள் கையிலிருந்ததோ சுண்ணாம்பில் நீலம் கலந்தாற்போல, டியூப்லைட் வெளிச்சத்தில் விளிம்பு லேசாக ஊடுருவித் தெரியும்படி இருந்தது. அதுமட்டுமன்று, வெயிலால் மாறும் நிறம் பெரும்பாலும் வெளிச்சம் பட்ட முகத்தில்தான் ஏறும். இந்தத் துண்டைக் கவிழ்த்துப் பார்த்தால் குழிக்குள்ளும் அதே நீலவெள்ளை.

அன்றைக்கும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை உலுக்கியது மினார். முதல் மினாரைக் கட்டி முடித்து அதன் இடத்துக்கு எடுத்துச் செல்கையில், கையில் இருந்தபடியே அது இடுப்பில் முறிந்து, மொசைக் தரையில் விழுந்து சிதறி, மேலே ஒரே ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டுகள் பீரோவுக்கு அடியில் வரை உருண்டோடின. லெகோ துண்டுகள் ஒன்றையொன்று கவ்வும் இறுக்கத்தில்தான் அந்தப் பெயரே நிற்கிறது. 1958 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்திலான கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். அப்படிப்பட்ட துண்டுகளால் ஆன ஒரு தூண், தூக்கிய மாத்திரத்தில் விழ வேண்டியதில்லை.

அன்றிரவு பூதக்கண்ணாடியை எடுத்தேன். அசல் லெகோவின் ஒவ்வொரு குமிழின் தலையிலும் நிறுவனத்தின் பெயர் ஆங்கிலத்தில் புடைப்பாக அச்சாகியிருக்கும். மேலிருந்து பார்த்தால், அதுவும் வெள்ளைத் துண்டில், அது கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியின் டார்ச்சைத் தட்டின் ஓரத்தில், தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகளின் நிழல் எழுந்து வரும். ஒரு தட்டில் நூறு துண்டுகளைப் பரப்பி அவ்வாறு பிடித்தபோது, ஏறக்குறைய பாதிக் குமிழ்கள் எழுத்தோடும் மீதி வழுவழுவென்று மொட்டையாகவும் நின்றன. நான்கு இரவுகள் இதே வேலையாக இருந்தேன். பெரிய துண்டுகள், வண்ணத் துண்டுகள், வளைவுகள், கும்மட்டத்துக்குரியவை என, கண்ணில் முதலில் படக்கூடிய எல்லாமே அசல். நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் சிறு வெள்ளைத் துண்டுகளில்தான் கலப்படம். யாரும் எண்ணிப் பார்க்காத இடம் எதுவோ, அந்த இடத்தைப் பார்த்துக் கலந்திருக்கிறார்கள். அசல் வெள்ளைத் துண்டுகளைத் தனியே விற்றுவிட்டு இவற்றை நிரப்பினார்களா, அல்லது தொலைந்ததை ஈடுகட்டினார்களா என்பது என் ஊகத்துக்கு உட்பட்டது. எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை என்பதையும் துண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் இத்தகைய துண்டுகள் எளிதாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. லெபின் என்ற பெயரில் சீனாவில் தயாரான நகல்களில் பெரிய லெகோ தொகுப்புகள் பலவும், தாஜ்மகால் உள்பட, துண்டுக்குத் துண்டு அப்படியே வந்தன. 2019 ஏப்ரலில் ஷாங்காய் காவல்துறை அந்த ஆலைகளைச் சோதனையிட்டு, அவற்றை நடத்தியவர்களைக் கைது செய்தது. 2020இல் நீதிமன்றம் தலைமையாளருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆலையை மூடலாம், அதற்குள் உலகெங்கும் போன துண்டுகளைத் திரும்பப் பெற முடியாது. அவை இப்போது பழைய பெட்டிகளுக்குள் கலந்து சுற்றுகின்றன.

விற்றவரை அழைத்தபோது முதலில், "நானும் இன்னொருத்தர்கிட்ட வாங்கினதுதான் சார்" என்றார். விளம்பரத்தில் 'முதல் உரிமையாளர்' என்று இருந்ததை நினைவூட்டியதும் பேச்சு மாறியது. பெட்டி கிடைத்த அன்று நான் அனுப்பிய நன்றிச் செய்தியைப் படமெடுத்து அனுப்பி, ஏழு வாரம் கழித்து நீங்களே கலந்துவிட்டுச் சொல்கிறீர்களோ என்னவோ என்றார். என்னிடம் பதில் இல்லை. பெட்டியைப் பிரித்ததை நான் காணொலியாக எடுத்திருக்கவில்லை. மறுநாள் என் எண்ணை அவர் தடைசெய்துவிட்டார்.

விற்பனைத் தளத்தில் முறையிட்டேன். பணம் தங்கள் வழியாகச் செல்லாததால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர்களைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இத்தகைய தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுப் பணத்தை வெளியே கொடுத்தபோது, அந்தப் பிடியையும் நானே கைநழுவ விட்டிருந்தேன். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஒப்புகை எண் ஒன்று வந்தது, அதற்குமேல் இதுவரை எதுவும் வரவில்லை. பணம் போன சில மணி நேரங்களுக்குள் அழைத்தால்தான் அந்த எண்ணால் உருப்படியான பயன் கிடைக்கும். ஏழு வாரங்களுக்குப் பிறகு அந்தக் கணக்கில் என்ன இருக்கப் போகிறது?

ஆகவே, பல்லாயிரம் ரூபாய் விலையில் இத்தகைய பழைய தொகுப்பை வாங்க எண்ணுவோர், பெட்டியின் படத்தையும் கட்டி முடித்த உருவத்தின் படத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். காணொலி அழைப்பில் வரச் சொல்லி, எந்தப் பையைத் திறப்பது என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். அந்தப் பையிலிருந்து ஒரு கைப்பிடிச் சிறு துண்டுகளைத் தட்டில் கொட்டி, பக்கவாட்டில் டார்ச் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான சேகரிப்பாளர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்; அவரும் இப்படித்தான் பார்த்து வாங்கியிருப்பார். குமிழே இல்லாத வழவழத் தட்டைத் துண்டுகளைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், அவற்றுக்குப் பெயர் உட்புறத்தில் இருக்கும். எடை சரியாக இருக்கிறது என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். என் பெட்டியிலும் எடை சரியாகத்தான் இருந்தது. லெகோ துண்டுகளைச் சேகரிப்பாளர்கள் வாங்கி விற்கும், லெகோ நிறுவனமே 2019இல் வாங்கிய பிரிக்லிங்க் என்ற இணையதளத்தில், ஒவ்வொரு தொகுப்பிலும் எந்தத் துண்டு எத்தனை என்ற பட்டியலும், கடந்த ஆறு மாதங்களில் அது உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்ற விவரமும் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் அவற்றைப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டி வந்ததும் கட்ட உட்காராதீர்கள். முகவரிச்சீட்டு தெரியும்படி காணொலி எடுத்துப் பிரியுங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் துண்டுகளைச் சலித்துவிடுங்கள். கட்டிக்கொண்டே சரிபார்க்கலாம் என்று தோன்றும். 5,923 துண்டுகளைக் கட்டி முடிக்க எனக்கு அமைந்த வேகத்தில் இரண்டு மாதங்கள் ஆகும். தளங்கள் தரும் கெடு சில நாள்களே.

இப்போது கண்ணாடி அலமாரியில் மேடையும் கும்மட்டமும் இரண்டு மினார்களும் நிற்கின்றன. மீதிக்கு வேண்டிய அசல் வெள்ளைத் துண்டுகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவருகிறேன். இதுவரை ஆறாயிரம் ரூபாய் ஆகியிருக்கிறது. பிரித்தெடுத்த போலிகள் இரண்டு ஊறுகாய் ஜாடிகளில் இருக்கின்றன. அவற்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குப் பிறகு அவை இன்னொரு பெட்டிக்குள் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, மூடியின் மேல் 'போலி' என்று பெயின்டில் எழுதி, பரணில் ஏற்றிவிட்டேன்.