காரணம் தெரியாத பாதத் தடிப்பு: பூஞ்சைக் களிம்பா, ஸ்டீராய்டா, சுரண்டல் பரிசோதனையா?

பாதத்தில் தடிப்பு கண்டு, அரிப்பும் எரிச்சலும் இரவு உறக்கத்தைக் கெடுக்கத் தொடங்கியதும், பெரும்பாலோரின் கை பூஞ்சைக் களிம்பையோ வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு களிம்பையோ தேடிப் போகிறது. காரணம் தெரியாத நிலையில் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடியாது. முன்னது பொருந்தாமற்போனால் சில வாரங்கள் வீணாகும், பின்னது பொருந்தாமற்போனால் நோயின் அடையாளமே கலைந்துபோகும்.

நான்காம், ஐந்தாம் விரல்களின் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்திருந்தால் அது சேற்றுப்புண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; அங்கே பூஞ்சைக் களிம்பில் தொடங்குவது நியாயமானது. டெர்பினாஃபின் பொதுவாக 1 அல்லது 2 வாரங்களும், குளோட்ரிமசோல் 4 வாரங்கள் வரையும் தடவ வேண்டியிருக்கும். அரிப்பு நின்ற மறுநாளே களிம்பை மூடி வைத்துவிடுவதுதான் பலர் செய்யும் பிழை.

ஸ்டீராய்டு களிம்பின் கவர்ச்சி அதன் வேகம். சிவப்பும் அரிப்பும் விரைவில் அடங்குவதால் மருந்து சரியாகப் பிடித்துக்கொண்டது என்றே தோன்றும். ஆனால் அடியில் இருப்பது பூஞ்சையாக இருந்தால், உடலின் எதிர்ப்பு அடங்கிய இடத்தில் அது தடையின்றிப் பரவுவதோடு, பூஞ்சையால் வரும் படை நோய்க்கே உரிய செதில் படர்ந்த விளிம்பும் மங்கிவிடும் என்பதால், பிறகு பார்க்கும் மருத்துவருக்கும் அடையாளம் காண்பது கடினமாகும். உள்ளங்கால் தோல் மிகத் தடிமனானது என்பதால் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் போன்ற மென்மையான களிம்பு அங்கே அதிகம் எடுபடாது. அதற்காகக் குளோபெடசோல் போன்ற வீரியமானதை எடுத்து மெல்லிய புறங்காலிலும் நாள்கணக்கில் தடவினால் தோல் மேலும் மெலியும். ஸ்டீராய்டு, பூஞ்சைமருந்து, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றையும் கலந்து விற்கும் களிம்பு வசதியானது போலத் தெரிந்தாலும், அதில் ஸ்டீராய்டின் கேடு அப்படியே இருக்கிறது. என் கணக்கில் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு அதுதான்.

ஆயினும் ஸ்டீராய்டே சரியான மருந்தாகும் நிலைகள் உண்டு. விரலிடுக்குகள் நன்றாக இருக்க, புறங்காலில் செருப்பு வார் பதியும் இடத்தை அச்செடுத்தாற்போல் தடிப்பு வந்திருந்தால், ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருள், தோல் பதனிடும் குரோமியம், ஒட்டுப்பசை ஆகியவற்றில் ஒன்று ஒவ்வாமையைத் தூண்டியிருக்கலாம். அந்தக் காலணியை ஒதுக்காமல் எதைத் தடவினாலும் பயன் நீடிக்காது. உள்ளங்காலிலும் விரல் ஓரங்களிலும் ஊசிமுனை அளவு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக எழுந்தால் அது கரப்பான் (எக்ஸிமா) வகையாக இருக்கக்கூடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தோல் மருத்துவர் மழுங்கிய கத்தியால் செதிலைக் கண்ணாடிச் சில்லில் சுரண்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைப்பார். தோல் செல்கள் கரைந்து தெளிய, அவற்றின் குறுக்கே கிளைவிட்டு ஓடும் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. வலியில்லாத இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். ஏற்கெனவே பூஞ்சைக் களிம்பு தடவியிருந்தால் பூஞ்சை இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம் என்பதால், விரைவில் மருத்துவரைப் பார்க்க முடிந்தவர்கள் அதுவரை மருந்துக் களிம்பு எதையும் தடவாமல் இருப்பதே மேல். ஒவ்வாமைக்கான ஒட்டுச் சோதனைக்கு இதைவிடப் பொறுமை வேண்டும்: முதுகில் ஒட்டிய பட்டைகளை 48 மணி நேரம் கழித்து அகற்றிப் பார்த்து, பின்னர் மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள்.

அதுவரை குளிர்ந்த ஈரத்துணியை 10, 15 நிமிடங்கள் போர்த்துவது, எரிச்சலூட்டாத மணமற்ற ஈரப்பதக் களிம்பைத் தடவுவது ஆகியவை தடயத்தை அழிக்காமல் ஆறுதல் தரும். வெந்நீரில் காலை வைத்தால் அப்போதைக்குச் சுகமாக இருந்து, பிறகு அரிப்பு கூடுதலாகத் திரும்பும். செட்டிரிசின் மாத்திரை தோல் அரிப்பு எல்லாவற்றுக்குமான மருந்தன்று. திட்டுத்திட்டாக வீங்கி மறையும் தடிப்புக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கும், சிவப்பு சூடாகி மேலேறிக் காய்ச்சலும் காண்பவர்களுக்கும் இந்தத் தேர்வுகள் எதுவும் பொருந்தாது. அவர்கள் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தடிப்பே இல்லாமல் எரிச்சல் மட்டும் இருந்தால் தோலை விட்டு நரம்பைச் சோதிக்க வேண்டும். நீரிழிவும் பி12 குறைபாடும் அதற்கு அறியப்பட்ட காரணங்கள். தடிப்புக்காகச் செல்பவர்கள் அன்றாடம் அணியும் காலணிகளையும், இதுவரை தடவிய களிம்புக் குழாய்களையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லட்டும்.