முட்டைப் பெட்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

நாட்டுக்கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு வியாபாரிகள் சென்னையில் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு வலை விரிப்பவர்களும் கூடவே பெருகிவிட்டார்கள். "உங்கள் முட்டைக்கென்றே வடிவமைத்த, உடையாத பெட்டி" என்று சொல்லி, வடிவமைப்புக் கட்டணம், முட்டைத் தட்டை வார்க்கும் அச்சுக்குக் கட்டணம், முன்பணம் என மூன்று முறை கைநீட்டிய ஓர் ஆளிடம் 79,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் போயிருப்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அதனால் ஆளை விட்டுவிட்டு, அவர் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன். இந்த வித்தையைச் செய்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

எங்கள் முட்டை ஊத்துக்கோட்டைக்கு அருகில் கொழுந்தனாரின் பண்ணையிலிருந்து விடியற்காலையில் வளசரவாக்கம் வந்து சேரும். நகரத்துக்குள் இருசக்கர வண்டியில் போய்விடும். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பள்ளங்களில் ஏறி இறங்கியும் உடைசல் பெரிதாக இல்லை. வண்டி ஓட்டும் தம்பி அத்தனை பொறுமைசாலி. தொல்லையெல்லாம் கோவைக்கும் பெங்களூருக்கும் பார்சலில் அனுப்பும் முட்டையில்தான். பார்சல் கிடங்கில் பெட்டியை யாரும் இறக்கி வைப்பதில்லை, வீசுகிறார்கள். மேலே "முட்டை, கவனம்" என்று சிவப்பு மையில் எழுதினால் இன்னும் ஓர் அடி தள்ளி வீசுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் சந்திப்பில் அந்த மனிதர் ஒரு கதை சொன்னார். 1911 இல் கனடாவில் பத்திரிகை நடத்திவந்த ஜோசப் காயில் என்பவர், உடைந்த முட்டைகளுக்காக ஒரு பண்ணைக்காரரும் ஓட்டல்காரரும் போட்ட சண்டையைப் பார்த்து, முட்டைகள் ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனியே அமரும் காகிதப் பெட்டியை உருவாக்கினாராம். கதை உண்மைதான், சொன்ன வாய்தான் பொய். நாட்டுக்கோழி முட்டைக்கு ஓர் அச்சு, வாத்து முட்டைக்கு ஓர் அச்சு, ஆக இரண்டு அச்சுக்கு 40,000, வடிவமைப்புக்கு 12,000, ஆயிரத்து ஐந்நூறு பெட்டிக்கு, பெட்டி 36 ரூபாய் வீதம், பாதித் தொகை முன்பணம். 12 குழி கொண்ட காகிதக்கூழ்த் தட்டு இரண்டு, மேலே ஒரு மூடித் தட்டு, சுற்றிலும் ஐந்து பிளை, அதாவது ஐந்து தாள் சேர்த்து ஒட்டிய, நெளி அட்டைப் பெட்டி. விலைப்புள்ளியில் "150 ஜி.எஸ்.எம்., 20 பி.எஃப்." என்று அழகாக அச்சடித்திருந்தார். முதலாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்; இரண்டாவது தாள் கிழியாமல் தாங்கும் வலுவைக் குறிக்கும் எண்.

மாதிரியாக வந்த பெட்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. குழிகளின் உட்புறம் மெல்லிய ஃபோம் வளையம் ஒட்டியிருந்ததால் முட்டை இம்மியும் அசையவில்லை. அட்டை விறைப்பாக நின்றது. கூடவே ஒரு வீடியோ: பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து போடுகிறார்கள், திறக்கிறார்கள், இருபத்து நான்கு முட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கிறார்கள், ஒன்றுகூடக் கசியவில்லை. மாதிரியையும் வீடியோவையும் பார்த்துத்தான் பணம் கட்டினேன். யாரும் கட்டியிருப்பார்கள்.

முதல் தவணையாக எழுநூறு பெட்டிகள் வந்தன. ஃபோம் வளையம் இல்லை. கேட்டால், "அது மாதிரிக்கு மட்டும் மேடம், மொத்த உற்பத்தியில் குழியே சரியாக இருக்கும்" என்றார். குழி சரியாக இல்லை. நாட்டுக்கோழி முட்டை நாற்பது, நாற்பத்தைந்து கிராம்தான் இருக்கும். கடையில் வாங்கும் வெள்ளை முட்டையைவிடச் சிறியது. தட்டை லேசாக அசைத்தாலே உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. வாத்து முட்டையோ அதே தட்டில் தலை நிமிர்த்திக்கொண்டு நின்றது, மூடித் தட்டு அதன் மேலேயே உட்கார்ந்தது. இரண்டு அச்சுக்குப் பணம் வாங்கியவர் இரண்டு முட்டைக்கும் ஒரே தட்டை அனுப்பியிருந்தார். ஆரம்பத்திலேயே எங்கள் முட்டைகளை இரு வகையிலும் ஒரு தட்டு நிறையக் கொடுத்தனுப்பியிருந்தேன். அவற்றை அளந்தாரா, ஆம்லெட் போட்டாரா தெரியாது.

இது ஏன் பெரிய விஷயம் என்று முட்டை அனுப்பிப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். முட்டை ஓட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் இரு முனைகளையும் சேர்த்து அழுத்தினால் நன்றாகவே தாங்கும். இடுப்புப் பகுதியில் கூர்மையாக ஓர் இடி விழுந்தால்தான் தாங்காது. அதனால்தான் கூர்முனை கீழே, காற்றறை இருக்கும் மழுங்கிய முனை மேலே என்று வைக்கிறோம். குழி பெரிதாக இருந்தால் முட்டை வழியெல்லாம் சாய்ந்து சாய்ந்து, இடுப்பின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடிபடுகிறது. உடைந்து ஒழுகினாலாவது தெரிந்துவிடும். இது மயிரிழை விரிசலாக நின்றுவிடுகிறது. வாங்கியவர் வேகவைக்கும்போது வெள்ளைக்கரு நூல் நூலாகத் தண்ணீரில் பிரிந்து வரும், அப்போதுதான் நமக்குப் போன் வரும். கோவையில் ஒரு வாடிக்கையாளர் விரிசல் விழுந்த முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து அனுப்பினார். எல்லா விரிசலும் இடுப்பில், ஏறக்குறைய ஒரே உயரத்தில். வாத்து முட்டையின் கதை வேறு. பெட்டிமேல் பெட்டி அடுக்கியபோது அந்தப் பாரத்தைத் தட்டின் முகடுகள் தாங்கவில்லை, முட்டையின் தலை தாங்கியது. அவை மேலே நொறுங்கி வந்தன.

பெட்டியும் சரியில்லை. மழைக்காலம் தொடங்கியதும் வண்டித் தம்பி சொன்னார், "அக்கா, நனையாத பெட்டிகூட வளைகிறது." நெளி அட்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் வலுவிழக்கும் என்பது தெரிந்ததுதான், சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இது அளவுக்கு மீறியிருந்தது. ஒரு பெட்டியின் பக்கச் சுவரைக் கத்தியால் வெட்டி, வெட்டிய விளிம்பைப் பார்த்தேன். அட்டைக்கு நடுவே அலை அலையாக ஓடும் தாளைப் புளூட் என்பார்கள். பெட்டி நிற்கும்போது அந்த அலைகளின் குழல்கள் தரையிலிருந்து மேல்நோக்கி நிற்க வேண்டும். மேலே வரும் பாரத்தைத் தாங்குவது அவைதான். எங்கள் பெட்டியில் அவை படுத்துக் கிடந்தன. அட்டைத் தாளின் அகலத்துக்கு ஏற்றபடி திருப்பி வெட்டினால் கழிவு குறையும், காசு மிச்சமாகும். யாருக்கு மிச்சம் என்று கேட்கத் தேவையில்லை.

அடுத்தது தாளின் எடை. இதற்கு ஆய்வகம் வேண்டாம். அட்டையில் சரியாகப் பத்து செ.மீ.க்குப் பத்து செ.மீ. துண்டு வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் பசை விட்டுக்கொடுத்து ஐந்து தாளும் தனித்தனியே பிரியும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, தங்கம் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தால் போதும். 150 ஜி.எஸ்.எம். என்றால் தட்டையான தாள் ஒவ்வொன்றும் ஒன்றரை கிராம் இருக்க வேண்டும். எங்கள் தெரு முனையில் உள்ள நகைப் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே நிறுத்துக் கொடுத்தார்: ஒரு கிராம்தான் இருந்தது. ஜி.எஸ்.எம். எண்ணைப் பி.எஃப். எண்ணால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், ஒரு தாள் கிழியாமல் தாங்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்று கிடைக்கும். விலைப்புள்ளியின் கணக்குப்படி மூன்று. வந்த தாளுக்கு அதே 20 பி.எஃப். என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் இரண்டுதான். காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு, விலையை மட்டும் முழுதாக வாங்கியிருக்கிறார்.

தனி அச்சு என்ற பொய் பாரிமுனையில் வெளுத்தது. பந்தர் தெருவில் வேறு சாமான் வாங்கப் போனபோது ஒரு கடை வாசலில் 12 குழித் தட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. எங்கள் தட்டின் அடியில் ஓர் ஓரக் குழியில் மட்டும் விளிம்பு சற்று மழுங்கி, அதன் பக்கத்தில் பாதி அழிந்த ஒரு '7' பதிந்திருக்கும். கடைவாசலில் கிடந்த தட்டைத் திருப்பினேன். அதே மழுங்கல், அதே பாதி 7. எல்லோருக்கும் விற்கும் தட்டு அது, கடைக்காரர் பல வருடமாக விற்கிறாராம். 40,000 ரூபாய் அச்சின் லட்சணம் இது.

வீடியோவின் குட்டை உடைத்தது என் மகள். மேசையில் வைக்கும்போது ஒரு முட்டை கைநழுவி, பம்பரம்போல நின்று சுழல்கிறது. பச்சை முட்டை அப்படிச் சுழலாது. உள்ளே இருக்கும் திரவம் ஓட்டோடு சேர்ந்து சுற்றாமல் பின்தங்குவதால் தள்ளாடி நின்றுவிடும். சீராகச் சுழல்வது அவித்த முட்டை. அவித்த முட்டையில் விரிசல் விழுந்தாலும் எதுவும் கசியப்போவதில்லை, அதிலும் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் விரிசல் எங்கே தெரியும்? போட்ட இடத்திலும் ஏதோ விரிப்பு இருந்தது, பெட்டியும் ஒவ்வொரு முறையும் அடிப்பக்கமாகவே விழுந்தது. பார்சல் சோதனைக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் இஸ்டா விதிமுறைகளில் ஆக எளிய சோதனையில்கூட, பத்துக் கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். மூலையில் விழும்போதுதான் பெட்டியின் சாயம் வெளுக்கும்.

இத்தனையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவர் அசரவில்லை. "மேடம், முட்டை என்றால் உடையத்தான் செய்யும். நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு இந்த மாதிரித் தட்டில்தானே லாரி லாரியாக வருகிறது?" என்றார். வருகிறது, உண்மை. ஆனால் அந்த 30 முட்டை டிரே அந்த முட்டையின் அளவுக்குச் செய்தது. ஒரு டிரேயை நேராகவும் அடுத்ததைக் கால் சுற்றுத் திருப்பியும் அடுக்குவதால் முகட்டின் மேல் முகடு நின்று பாரம் காகிதத்தின் வழியாக இறங்குகிறது, முட்டையின் மேல் இறங்குவதில்லை. லாரியில் முழுச் சுமையும் ஒரே கட்டாக நெருங்கி நிற்கிறது. தனியாக வீசப்படும் பார்சல் பெட்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. இதைச் சொன்னதும் அடுத்த கணை வந்தது: "உடைத்தது உங்கள் டெலிவரி ஆட்கள்." அதற்கும் பதில் சொன்னதும் கடைசிக் கணை: "நீங்கள் வியாபாரி மேடம், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது."

இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள், எனவே இதை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருப்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது அந்த வணிக நோக்கத்தில் சேராது என்ற விளக்கமும் அதே சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் தொழில் அதில் அடங்குமா என்பதை வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள், எதிராளி வாயிலிருந்து தெரிந்துகொள்ளாதீர்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். விலைப்புள்ளி, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பிரித்து நிறுத்த தாள் துண்டுகள், விரிசல் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

இப்போது பெட்டி செய்யக் கொடுப்பவர்கள் ஆர்டரிலேயே எழுதி வாங்க வேண்டியவை: உங்கள் முட்டையில் சிறியதன், பெரியதன் அகலமும் உயரமும்; தாள் ஒவ்வொன்றின் ஜி.எஸ்.எம்.மும் பி.எஃப்.பும், புளூட் நிற்கும் திசை, மாதிரியில் உள்ள எதையும் கேட்காமல் நீக்கக் கூடாது என்ற ஒரு வரி, அச்சுக்குப் பணம் கொடுத்தால் அச்சு உங்கள் சொத்து என்றும், கேட்டால் காட்ட வேண்டும் என்றும் இன்னொரு வரி. ஒப்புக்கொண்ட மாதிரிப் பெட்டியில் இருவரும் கையெழுத்துப் போட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். சோதனையை உங்கள் முட்டையில், உங்கள் கண்ணெதிரே, வெறும் சிமெண்டுத் தரையில் செய்யச் சொல்லுங்கள். முட்டையில் ஒன்றை அவர்கள் முன்னாலேயே உடைத்துப் பாருங்கள். பெரிய தொகை என்றால் 1966 இல் தொடங்கிய இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருவது, சென்னையிலும் அதன் மையம் உண்டு. அட்டையையும் பெட்டியையும் அங்கே கொடுத்துச் சோதித்து அறிக்கை வாங்கலாம். அப்படி ஓர் அறிக்கை வேண்டும் என்று சொன்னவுடனே முகம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பார்சல் அனுப்புவதை நான் இன்னும் நிறுத்தவில்லை. பந்தர் தெருவில் அதே தட்டை அதன் உண்மை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு முட்டையையும் செய்தித்தாள் துண்டில் சுற்றிக் குழியில் இறுக்கமாக வைத்து, தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே நான்கு பக்கமும் உமி நிரப்பிய சிறு பைகளைத் திணித்து அனுப்புகிறோம். பார்க்க அழகாக இல்லை, நேரமும் பிடிக்கிறது. வாத்து முட்டையை மட்டும் பார்சலில் அனுப்புவதில்லை, அதற்கேற்ற தட்டு இன்னும் கிடைக்கவில்லை. மீதி எண்ணூறு பெட்டிக்குப் பாக்கித் தொகையைக் கட்டி எடுத்துப்போகும்படி அவரிடமிருந்து போன வாரமும் செய்தி வந்தது. பதில் வழக்கறிஞர் மூலம் போயிருக்கிறது.