செல் சுவாசச் சுவர்ப்படம்: வரைவு சிறப்பு, கணக்கு பழையது

மேல்நிலை வகுப்புகளுக்கென ஒரு கல்விப் பொருள் நிறுவனம் வெளியிட்டுள்ள, செல்கள் குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் பெறும் செல் சுவாசத்தை விளக்கும் சுவர்ப்படத்தை எங்கள் பள்ளி உயிரியல் ஆய்வகத்துக்கு வாங்கி, பாடம் நடத்தப் பயன்படுத்தி வருகிறேன். தமிழில் இத்தகைய படங்கள் அரிதாகவே கிடைப்பதால், இதன் நிறைகுறைகளைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

படத்தின் பெருஞ்சிறப்பு, ஒவ்வொரு நிகழ்வையும் அதற்குரிய இடத்தில் வைத்திருப்பதுதான். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு பைருவேட்டுகளாகப் பிளவுபடும் கிளைக்காலிசிஸ், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில், ஆக்சிஜனின் உதவியின்றி நடப்பதாகத் தெளிவாக வரையப்பட்டுள்ளது. நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனே குளுக்கோஸின் கார்பனுடன் சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக வெளியேறுகிறது என்று மாணவர் பலர் நம்புகின்றனர். இப்படமோ, வெளியேறும் 6 கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளில் இரண்டைப் பைருவேட் சிதையும் இடத்திலும், நான்கை அதையடுத்த வேதிவினைத் தொடரான கிரப் சுழற்சியிலும் காட்டிவிட்டு, ஆக்சிஜனை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள எலக்ட்ரான் கடத்து சங்கிலியின் இறுதியில் நிறுத்தி, அது எலக்ட்ரான்களை ஏற்று நீராவதை அம்புக்குறியிட்டுக் காட்டுகிறது. இந்த ஒரு பகுதிக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

குறை, கீழ் மூலையில் உள்ள கணக்கில் இருக்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 38 என்று அச்சிட்டிருக்கிறார்கள். எலக்ட்ரான்களைச் சங்கிலிக்குச் சுமந்து செல்லும் மூலக்கூறுகளில் ஒரு என்ஏடிஹெச்சுக்கு 3 ஏடிபி, ஒரு எஃப்ஏடிஹெச்2-வுக்கு 2 என முழு எண்களாகக் கொண்ட பழைய கணக்கு அது. இன்றைய மதிப்பு முறையே சுமார் 2.5, 1.5 என்பதால், மொத்தம் 30 முதல் 32 வரைதான் வரும். எண்ணை விடவும் என்னை வருத்துவது, அந்த எண் எப்படி வருகிறது என்பதற்கான விளக்கமே படத்தில் இல்லாததுதான். எலக்ட்ரான்கள் சங்கிலியில் நகரும்போது வெளிப்படும் ஆற்றலால் புரோட்டான்கள் உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியின் வழியாகத் திரும்பும்போதே ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்து, 1978-இல் நோபல் பரிசு பெற்ற இக்கருத்துதான் முழுப் பாடத்தின் உயிர்நாடி. படத்தில் ஏடிபி சிந்தேஸ் ஒரு பெயரிடப்பட்ட நீள்வட்டமாக மட்டுமே நிற்கிறது. புரோட்டான் ஒன்றுகூட வரையப்படவில்லை. ஒரு குளுக்கோஸுக்குக் கிரப் சுழற்சி இருமுறை நிகழும் என்ற குறிப்பும் விடுபட்டுள்ளது.

அச்சும் தாளும் தரமானவை; கடைசி இருக்கையிலிருந்தும் எழுத்துகளைப் படிக்க முடிகிறது. மேலே பூசிய பளபளப்பு மட்டும் சன்னலுக்கு எதிரே மாட்டினால் கண்ணைக் கூசச் செய்யும்.

தமிழ்வழி வகுப்புகளுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாங்குவோர் 38 என்ற எண்ணின் மேல் திருத்தத்தை ஒட்டிவிட்டு, புரோட்டான்களின் பாதையைக் கரும்பலகையில் தாமே வரைந்து காட்ட வேண்டும்.