கூறைச் சாறி எங்கே எடுப்பது: திருகோணமலையா, வெள்ளவத்தையா, காஞ்சிபுரமா?

கல்யாணத்துக்கு நாள் வைத்ததும் திருகோணமலை வீடுகளில் முதலில் கிளம்பும் பேச்சு, கூறைச் சாறி எங்கே எடுப்பது என்பதுதான். “வெள்ளவத்தைக்கே போவம், அங்கதான் தெரிவு கூட” என்பார் மாப்பிள்ளையின் தாய். “இந்தியாவுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தா எல்லாருக்கும் எடுத்திடலாம்” என்பார் பெண்ணின் சித்தி. “ஏன், எங்கட மெயின் ஸ்ட்ரீட்டில இல்லாத சாறியா?” என்று கேட்டுவிட்டு அப்பா பேப்பரை விரித்துக்கொள்வார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவருமே சாறியை மட்டும்தான் யோசிக்கிறார்கள். சாறி எந்த உடம்புக்கும் பொருந்திவிடும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெண்ணை அழ வைப்பது சட்டை. அதனால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன்: அங்கே என்ன சாறி கிடைக்கும், அதற்குச் சட்டை யார் தைப்பார்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிட வேண்டும். நமது சைவத் திருமணத்தில் பெண் மணவறைக்கு வருவது பெண் வீட்டார் எடுத்த சாறியோடு. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறையும் தாலியும் தட்டில் சபையைச் சுற்றி வரும். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். பிறகு பெண் கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் தாலி. அந்த நேரத்தில் ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், சபை அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதாவது கூறை என்பது அவசரத்தில் உடுக்கிற சாறி. கடையில் மேசை மேல் விரித்தபோது கம்பீரமாக இருந்த விறைத்த பட்டு, கொய்யகம் எடுக்கும்போது கையில் நிற்காது. இப்போதெல்லாம் அலங்காரம் செய்கிறவர்கள் முதல் நாளே மடிப்பு எடுத்து, அயர்ன் பண்ணி, ஊசி குத்தித் தருகிறார்கள். அப்படிச் செய்ய முடிகிற சாறியா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். இதைக் கடைக்காரர் யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

நம்ம ஊர்க் கடை

பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கமுள்ள கடைகளைப் பற்றி “தெரிவு இல்லை” என்று ஒரு வாசகம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். அரக்குச் சிவப்பில் கல்யாணப் பட்டு எடுத்துப் போடச் சொன்னால், வெள்ளவத்தையில் மேசை மறையும் அளவுக்கு விழும். இங்கே அதில் ஒரு பங்குதான் விழும். ஆனால் சொல்லி வைத்தால் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருகிற கடைகள் உண்டு. குடும்பம் தெரிந்தால் பாதிக் காசு கட்டி எடுத்து வைக்கவும் விடுவார்கள்.

ஊர்க் கடையின் உண்மையான பலம் திரும்பத் திரும்பப் போகலாம் என்பது. இன்று அம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருங்கால மாமியைக் கூட்டிக்கொண்டு போகலாம். கடை லைட்டுக்குக் கீழே பளிச்சென்று தெரிந்த அதே சாறியை, காலை வெயிலில் வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். மயில் கழுத்து நிறம் என்று எடுத்தது வெளியே வந்தால் வெறும் பச்சையாக இருக்கும். வெளியூரில் இரவு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் இதை யாரும் செய்வதில்லை. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி ஆட்களுக்கு நகரத்துக்கு வருவதே ஒரு பயணம்தான். இருந்தாலும் வெயிலோடு வீடு திரும்பலாம்.

விலையில் இங்கே கொஞ்சம் கூட இருக்கலாம். அந்த வித்தியாசத்தை நாலு பேர் கொழும்புக்குப் போய்வரும் செலவோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வெள்ளவத்தை

கொழும்பு வெள்ளவத்தையின் காலி வீதியில் அடுத்தடுத்துச் சாறிக் கடைகள். எல்லா இடத்திலும் தமிழ் கதைப்பார்கள். கூறை என்று சொன்னாலே எந்தத் தட்டிலிருந்து இறக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிவு என்று பார்த்தால் நாட்டுக்குள் இதற்கு மேல் போக வேண்டியதில்லை. ஊரிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போய், சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவிவிட்டு இறங்குவது நம் ஆட்களின் வழக்கம். வெள்ளவத்தையில் ஒரு சொந்தமும் இல்லாத திருகோணமலைக் குடும்பத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சிக்கல் கண்களில்தான். மூன்றாவது கடைக்குள் நுழையும்போது எல்லா அரக்கும் ஒரே அரக்காகத் தெரியும். பிறகு எடுக்கிற முடிவை எடுப்பது களைப்பு. போவதாக இருந்தால் ஒரு இரவு தங்குங்கள். முதல் நாள் பிடித்ததைப் போன் கமராவில் கடை வாசல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மறுநாள் காலை வாங்குங்கள். சொந்தக்காரருக்குக் கொடுக்கிற சாறிகளுக்குப் புறக்கோட்டை போதும். அதற்கெல்லாம் வெள்ளவத்தை விலை கொடுக்கத் தேவையில்லை.

சட்டையை மட்டும் அங்கே தைக்கக் கொடுக்காதீர்கள். “அளவு தந்திட்டுப் போங்க, பார்சல்ல அனுப்பிறம்” என்பார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குச் சட்டை அப்படித்தான் பஸ்ஸில் வந்தது. கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. கடைக்குப் போன் எடுத்தால், கொண்டுவந்து தந்தால் பிரித்துத் தருகிறோம் என்ற பதில். கடைசியில் உவர்மலையில் ஒரு தையல்கார அக்கா, சாறியோடு வந்த சட்டைத் துணியில் மிச்சம் இருந்ததை வைத்துக் கைக்கு ஒட்டுப் போட்டுக் காப்பாற்றினார். அந்த ஒட்டு அல்பத்தில் தெரியாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கூறை, தலைப்பாகை, வேட்டி சால்வை என்று சடங்குக்கு வேண்டியதெல்லாம் ஒரே சுற்றில் கிடைக்கும். சடங்கு தெரிந்த கடைக்காரர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம் என்றால் அவர்களே அங்கே எடுத்துவிடட்டும். நாம் வவுனியா சுற்றிப் போவதற்கு அது மட்டும் காரணமாகாது.

இந்தியா

இதுதான் ஆசையும் கணக்கும் மோதுகிற இடம். போவது முன்னைவிட எளிது. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. இடையில் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியதால், கட்டுநாயக்கா வரை இறங்காமலே பறக்கலாம். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பலும் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பவும் ஓடியது. கப்பலை நம்பிக் கல்யாணச் சாமான் திட்டம் போடுகிறவர்கள் மாரி காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். பலாலிக்கு வருவது சிறிய விமானம். ஜரிகை நிறைந்த ஒரு பட்டுச் சாறி ஒரு கிலோ வரை வரும் என்பதை நினைத்துக்கொண்டு பொதியின் நிறையைப் பாருங்கள்.

இப்போது காசு. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் 200 ரூபாய். இப்போது 300 ரூபாய்ப் பக்கம். இந்திய ரூபாய் ஒன்றுக்கு அப்போது இரண்டரைக்குச் சற்று மேலே கொடுத்தோம். பிறகு மூன்றரை அளவுக்கு வந்துவிட்டது. சென்னை தி. நகரில் 25,000 என்று எழுதியிருக்கும் சாறி நமக்கு 87,500. “அங்க மலிவு” என்று சித்தி சொல்வது பழைய கணக்கு. ஆனாலும் சித்தி முழுக்கத் தோற்கவில்லை. இங்கே விற்கிற பட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவைதான். வரியும் கடைக்காரர் இலாபமும் ஏறித்தான் நம் மேசைக்கு வருகின்றன. கூறை ஒன்றுக்காக மூன்று பேர் விசா, டிக்கெட், ஹோட்டல் என்று போனால் நட்டம். இரண்டு வீட்டுக்குமான பட்டு, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி, ரிசெப்ஷன் உடுப்பு, பெரியம்மாமாருக்கான சாறிகள் எல்லாம் ஒரே பயணத்தில் என்றால் கணக்குத் திரும்பிவிடும்.

காஞ்சிபுரத்துக்கே போகிறவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்று தெரிந்து போக வேண்டும். அந்த ஊர்ப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக, தனித்தனி நாடாவில் (தறியில் ஊடுநூலைக் கொண்டுபோகும் கட்டை) நெய்து ஒன்றோடொன்று கோர்த்து வருவது. அப்படி நெய்த சாறியில் கரை சேரும் இடத்தில் சிறு பல்வரிசை போன்ற ஓட்டம் தெரியும். இந்தப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுக் கடைகளில் பேரம் பேச முடியாது. ஆனால் ஏமாற்று என்ற பயமும் இல்லை. நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். பேரம் பேசாமல் சாறி வாங்கினால் வாங்கியது போலவே இல்லை என்கிற மாமிமாருக்கு வேறு கடைகள் நிறைய உண்டு.

எந்த ஊரில் வாங்கினாலும் இரண்டு சோதனைகள். முந்தானை ஓரத்துக் குஞ்சத்திலிருந்து ஒரு நூல் கேட்டு வாங்கி எரித்துப் பாருங்கள். பட்டு என்றால் தலைமயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும். ஜரிகை இழையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிவது அசல் ஜரிகைக்கு அடையாளம்: பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன் மேல் பொன்முலாம். செம்புக் கம்பி ஜரிகை முதல் நாள் அதே போலத்தான் மின்னும். நாம் கடலோரத்தில் இருக்கிறோம். உப்புக் காற்றுக்கு இரண்டுமே மங்கும். அசல் மங்கினால் மெருகேற்றிக்கொள்ளலாம், செம்பு கறுத்தால் அவ்வளவுதான். உப்புவெளிக் கடற்கரையில் அலையோடு நின்று படம் எடுக்கும் திட்டம் இருந்தால், அதற்குக் கூறையைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சென்ட் அடிப்பதையும் சாறி கட்டுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

வாடகைக்கு எடுப்பது

பிரைடல் கடைகள் இப்போது பெக்கேஜ் தருகின்றன: உடுப்பு, நகை, அலங்காரம், தலைக்குப் பூ, எல்லாம் ஒரு தொகைக்குள். கூறைக்கு இது சரிவராது. மாப்பிள்ளை வீடு கொடுத்து, சபை ஆசீர்வதித்த சாறியைத் திங்கட்கிழமை கடையில் திருப்பிக் கொடுப்பதை எந்த மாமியும் ஏற்க மாட்டார். இதில் நானும் மாமி பக்கம். ஆனால் மாலை ரிசெப்ஷனுக்கு லெஹெங்காவோ கவுனோ என்றால் வாடகைதான் புத்தி. ஒரு நாள் உடுத்துவிட்டு அலுமாரியில் தூங்கப் போகிற உடுப்புக்கு முழு விலை எதற்கு?

தேவாலயத் திருமணத்துக்கு இந்தக் கடைகளே முதல் தெரிவு. வெள்ளைச் சாறி விலைக்கு, கவுன் வாடகைக்கு என்று நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகவே படுகிறது. வெள்ளைச் சாறி பிறகு ஞானஸ்நானத்துக்கோ நத்தார் பூசைக்கோ வெளியே வரும். வாடகை கவுனில் கவனிக்க வேண்டியது முதுகுப் பக்கம். நாடா வைத்துக் கட்டுவதாக இருந்தால் உடம்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சமாளிக்கலாம், சிப் என்றால் முடியாது. உங்களுக்கு முந்தைய நாள் அதே கவுன் வேறு கல்யாணத்துக்குப் போகிறதா என்று நேராகக் கேளுங்கள். முற்பணச் சீட்டில் திகதியையும் கவுனின் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள்.

என் தெரிவு

கூறை ஒன்று மட்டும்தான் பெரிய செலவு என்றால் ஊரில் பாருங்கள். மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் வெள்ளவத்தை. இரண்டு வீடும் சேர்ந்து மொத்தமாக எடுப்பதாக இருந்தால் காஞ்சிபுரம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக முடியாத பயணம் எதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். வாட்ஸ்அப் வீடியோவில் காட்டி “இதா, அதா?” என்று கேட்பது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். நிறம் அதில் சரியாகத் தெரியாது, மாமி முன்னால் வேண்டாம் என்று சொல்லவும் அவளால் முடியாது.

நிறைக்கும் மாதத்துக்கும் தொடர்பு உண்டு. வைகாசி, ஆனியில் கச்சான் வீசும்போது, ஏசி இல்லாத மண்டபத்தில் ஹோமப் புகைக்கு முன்னால் ஒரு கிலோப் பட்டைச் சுற்றிக்கொண்டு இருப்பது தண்டனை. அந்த மாதங்களுக்கு ஜரிகை குறைந்த மென்பட்டு எடுங்கள், சட்டைக்குப் பருத்தி லைனிங் வையுங்கள். தை மாதக் கல்யாணத்துக்கு எவ்வளவு கனமும் தாங்கும்.

சாறி எங்கே எடுத்தாலும் சட்டை ஊரில்தான். நீங்கள் நடந்து போய்த் திரும்பவும் போட்டுப் பார்க்கக்கூடிய தையல்காரரிடம் கொடுங்கள். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் வரும்போது ஊரிலுள்ள எல்லா நல்ல தையல்காரர்களும் ஒரே கிழமையில் நிறைந்துவிடுவார்கள். ஆகவே ஆவணிக் கல்யாணம் என்றால் ஆனியிலேயே துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தையல் ஓரத்தில் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள். கல்யாணப் பெண் கடைசி இரண்டு கிழமைக்குள் மெலிவாளா, உடம்பு வைப்பாளா என்பது விருந்துக்குக் கூப்பிடும் சொந்தக்காரரின் கையில் இருக்கிறது.