சம்பா அறுப்புக்கு முன்னால் வாங்க வேண்டியவை: எலியோடு பல வருட அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் வயலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், எலிக்கும் பட்டம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பு ஊறி வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் ஒரு வரத்து. தை, மாசியில் சம்பா அறுத்து வயல் வெறுமையானதும் அதைவிடப் பெரிய வரத்து. இந்த இரண்டுக்கும் முன்பே வீட்டை அடைக்காதவர் எந்தப் பொறி வாங்கினாலும் எலிக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருப்பார். எங்கள் வீடு முன்கட்டு மாடி, பின்கட்டு ஓடு. நெல் கொட்டி வைக்கும் பழைய பத்தாயமும் உண்டு. கடையில் எலிக்கென்று விற்கும் அநேகமாக எல்லாப் பொருளும் இங்கே ஒரு தடவை வந்து போயிருக்கிறது.

வந்திருப்பது யார் என்பதை முதலில் பாருங்கள். புழுக்கை சீரகச் சம்பா அரிசி அளவில் இருந்தால் சுண்டெலி. அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு நீளமென்றால் பரணிலும் ஓட்டுக்கு அடியிலும் ஓடும் பெரிய எலி. கொல்லையில் மண்ணைக் குவித்து வளை பறிப்பது பெருச்சாளி. சுவரோரம் கீச்சிட்டுக்கொண்டு ஓடி நாற்றத்தை விட்டுச்செல்லும் மூஞ்சூறு எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்பது அது. பிள்ளையார் வாகனம் என்று எங்கள் அத்தை அதை விரட்டக்கூட விடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் அத்தை கட்சி.

பொறிகளில் என் ஓட்டு, மரப்பலகையில் வில்கம்பி வைத்த மலிவான பழைய பொறிக்குத்தான். எலி அறை நடுவில் நடக்காது. மீசை உரசச் சுவரை ஒட்டியே போகும். அதனால் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். ஊரில் வயலுக்குத் தஞ்சாவூர் கிட்டி என்னும் எலிப்பொறி வைக்கும் பெரியவர் சொன்னதும் இதுதான்: “தம்பி, எலிக்குத் தோதான இடத்தில் வையுங்கள், உங்களுக்குத் தோதான இடத்தில் வைக்காதீர்கள்.” இரைக்கு மசால் வடையெல்லாம் தேவையில்லை. தேங்காய்ச் சில்லைத் தீயில் வாட்டி, கொக்கியில் நூலால் இறுகக் கட்டினால் போதும். கட்டாவிட்டால் சுண்டெலி நோகாமல் உருவிக்கொண்டு போய்விடும். கம்பிக்கூண்டு பெரிய எலிக்குச் சரி. சுண்டெலி கம்பி இடைவெளியிலேயே நுழைந்து வெளியேறிவிடும். பிடித்ததை அடுத்த தெருவில் விடுவது அடுத்த தெருக்காரருக்குச் செய்யும் உபகாரம்.

பசை அட்டையை யாருக்கும் சொல்ல மாட்டேன். எலி விடிய விடிய உயிரோடு துடிக்கும். பல்லியும் ஓணானும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிளக்கில் செருகும் ஒலிக்கருவி சுத்த வீண். அந்த ஒலி சுவரையும் பீரோவையும் தாண்டாது. எங்கள் வீட்டில் அந்தக் கருவிக்கு நேர் கீழேயே புழுக்கை கிடந்தது.

மருந்து விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழ்நாட்டில் விற்கத் தடை உண்டு. கல்லீரலை அழிக்கும் அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. பழைய டியூப் பரணில் கிடந்தால் அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துவதுதான் முதல் வேலை. புரோமடியோலோன் கட்டிகள் (0.005 சதவீதம்) இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் கழித்து, பெரும்பாலும் கை நுழையாத இடத்தில் சாகும். பத்தாயத்துக்குப் பின்னால் செத்தால் அந்த வாரம் வீட்டில் சோறு இறங்காது. செத்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் நஞ்சு போய்ச் சேரும். வயலில் நமக்காக இரவெல்லாம் எலி பிடிப்பது அந்தக் கூகை ஆந்தைதான். வீட்டுக்குள் மருந்து வேண்டாம் என்பது என் முடிவு.

பணம் போட வேண்டிய இடம் அடைப்பு. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும், சுமார் 6 மில்லிமீட்டர். புரட்டாசியில் ஒரு பகல் ஒதுக்கி, அடுப்படிச் சிங்க் குழாய் வெளியேறும் துவாரம், ஒயர் வரும் ஓட்டை, நிலைப்படி இடுக்கு எல்லாவற்றையும் டார்ச் அடித்துத் தேடுவோம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து அதன்மேல் சிமெண்டு பூசினால் எலி கொறித்துத் திறக்க முடிவதில்லை. வெறும் களிமண்ணோ துணியோ ஒரு ராத்திரிக்குத்தான். ஓட்டுச் சரிவின் ஓரத்துக்குக் கால் அங்குலத்துக்கு மிகாத கம்பி வலை வேண்டும். கோழி வலையின் கண் பெரிது, நைலான் கொசு வலை எலிக்குப் பலகாரம். வாஷிங் மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் அதற்கும் வலை போட்டுவிடுங்கள். உள்ளே ஒயரைக் கடித்தால் மெக்கானிக் கேட்கும் தொகையில் வீட்டுக்கே வலை அடிக்கலாம். வைக்கோல்போரைச் சுவரை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போட்டது செலவில்லாத வேலை, பலனோ கண்கூடு.

பூனை உதவும். ஆனால் பால் ஊற்றி வளர்த்த பூனையை நம்பி நெல்லைத் திறந்து வைக்க முடியாது.

புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். மழைக்காலத்தில் காலில் வெட்டுக்காயத்தோடு கொல்லைத் தண்ணீரில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வீட்டில் எலி இருக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகப் பரவுகிறது.